எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள்?

வாசகர் கேள்வி: ஐயா, வணக்கம். கருவூலத்தில் பணியாற்றி ஓய்வு பெற்று, கும்பகோணத்தில் வசித்து வருகிறேன். எங்கள் தெருவைச் சேர்ந்த ஏழு பேர் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலையில் என் வீட்டுத் திண்ணையில் கூடி, அவரவர் இப்போது படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைப் பற்றிப் பேசுவது என்று ஏற்பாடு செய்துகொண்டோம். ஐந்து மாதங்களிலேயே உற்சாகம் வடிந்துவிட்டது. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் கதை முழுவதையும் முடிவு உட்பட முக்கால் மணி நேரம் சொல்கிறார். இன்னொருவர் தாம் படித்த பெரிய நூல்களின் பெயர்களை வரிசையாக அடுக்குகிறார். மற்றவர்கள் "நன்றாக இருந்தது" என்று முடித்துக்கொள்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி, தான் கைப்பேசியில் ஒலிநூல் கேட்பவள் என்பதால் பேசவே தயங்குகிறாள். குடும்ப நாவல்களை மட்டுமே படிக்கும் பக்கத்து வீட்டு அம்மா, அவர் சொன்ன பெயரைக் கேட்டு ஒருவர் சிரித்துவிட்டதால் இரண்டு மாதங்களாக வரவில்லை. என் கதையும் இதுதான். என் அம்மா வைத்திருந்த பழைய சமையல் புத்தகத்தைத்தான் சென்ற மாதம் ஆசையாகப் படித்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, எப்போதோ பாதியில் மூடிய ஒரு நாவலின் பெயரைச் சொல்லிவிட்டேன். இந்தக் கூட்டத்தை எப்படி நடத்துவது? கூடவே ஒன்று கேட்கலாமா: நீங்கள் இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஆசிரியர் முக்கால் மணி நேரம் பேசுவதோ, மற்றவர்கள் ஒரே சொல்லில் முடித்துக்கொள்வதோ எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. கையில் இருந்த புத்தகத்தை மறைத்துவிட்டு, மூடி வைத்த புத்தகத்தின் பெயரைச் சொன்னேன் என்று எழுதியிருக்கிறீர்களே, கவலைப்பட வேண்டிய இடம் அதுதான். உங்கள் திண்ணையில் நடக்கும் மற்ற எல்லாமே அந்த ஒரு வெட்கத்தின் கிளைகள் என்று நினைக்கிறேன்.

பொது நூலகத் துறையில் 31 ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். "என்ன படிக்கிறீர்கள்?" என்ற கேள்வி நம் ஊரில் பெரும்பாலும் விசாரணையாகவே காதில் விழுகிறது. பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டவர் கையில் பிரம்பு இருந்தது. நேர்முகத் தேர்வில் கேட்டவர் கையில் மதிப்பெண் தாள் இருந்தது. அந்தப் பழக்கத்தில், ஐம்பது அறுபது வயதான பிறகும் இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் நாம் நம்மைக் காத்துக்கொள்ளத் தொடங்கிவிடுகிறோம். ஆசிரியர் கதை முழுவதையும் ஒப்பிப்பது, உண்மையிலேயே கடைசிவரை படித்தேன் என்பதற்குச் சான்று காட்டுவதற்காக. பெயர்களை அடுக்குபவர் தம் தகுதியை எடுத்து வைக்கிறார். "நன்றாக இருந்தது" என்பவர் அடுத்த கேள்வி வராதபடி கதவைச் சாத்துகிறார். நீங்கள் சொன்ன சின்னப் பொய்யும், கோபித்துக்கொள்ளாதீர்கள், அதே வகைதான். ஏழு பேரும் தேர்வு எழுதுகிறீர்கள். திருத்துவதற்குத்தான் அங்கே யாருமில்லை.

இந்தக் கேள்வி உங்கள் ஊரிலேயே ஒருமுறை மிகக் கடுமையாகக் கேட்கப்பட்டது. 1880ஆம் ஆண்டு. உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. சேலம் இராமசுவாமி முதலியார் என்பவர் அந்த ஊருக்கு முனிசீபாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக, மாற்றலாகி வந்திருந்தார். அவரைப் பார்க்கச் சென்ற இடத்தில், என்னென்ன பாடம் கேட்டிருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் தாம் கற்ற அந்தாதிகள், உலாக்கள், பிள்ளைத்தமிழ்கள், தலபுராணங்கள் என்று ஐயர் பெரிய பட்டியலைச் சொன்னார். முதலியார் அசையவில்லை. இவற்றையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்று கேட்டுவிட்டார். சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்பது அடுத்த கேள்வி. அவை கைக்குக் கிடைக்கவில்லை, கிடைத்தால் படிக்க முடியும் என்பதே ஐயரால் சொல்ல முடிந்த பதில்.

பலரும் இந்த நிகழ்ச்சியை, ஒரு கேள்வி தமிழின் போக்கையே மாற்றிவிட்டது என்று மேடையில் முழங்கி முடித்துவிடுவார்கள். நூலகன் கண்ணுக்குப் படுவது வேறு. முதலியார் கேள்வியோடு நிற்கவில்லை. சிந்தாமணியின் பிரதி ஒன்றைத் தேடி ஐயர் கையில் கொடுத்தார், பிறகு அதை அவரோடு உட்கார்ந்து பாடமும் கேட்டார். பொருள் விளங்காத இடங்களைக் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குச் சென்று ஐயர் கேட்டுத் தெரிந்துகொண்டார். தமிழ் வித்துவான்கள் பலர் கண்ணாலும் பார்த்திராத அந்த நூல், அந்த வீடுகளில் அன்றாடம் ஓதும் நூலாக இருந்தது. 1887இல் சீவகசிந்தாமணி அவருடைய பதிப்பாக அச்சில் வந்தது. கேட்டவர் புத்தகத்தையும் கொடுத்தார், தெரிந்தவர்கள் திண்ணையில் உட்கார வைத்துச் சொல்லித் தந்தார்கள். இந்த இரண்டும் இல்லாமல் "என்ன பிரயோசனம்" என்ற சொல் மட்டும் விழுந்திருந்தால், பக்கத்து வீட்டு அம்மாவைப் போல ஐயரும் அந்தப் பக்கம் போவதையே நிறுத்தியிருக்கக்கூடும். சிரித்த நண்பரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர் பெயரைக் குறிப்பிடாமல் பொதுவாகச் சொன்னாலே போதும், புரிந்துகொள்வார்.

இப்போது நூலகத்துக்கு வருகிறேன். கிளை நூலகங்களில் வேலை பார்த்த காலத்தில் நான் கண்டுகொண்ட முதல் உண்மை, வாசகர்கள் அலமாரியிலிருந்து புத்தகம் எடுப்பதைவிடத் திரும்பி வந்த புத்தகங்களின் அடுக்கிலிருந்து எடுப்பதையே விரும்புகிறார்கள் என்பது. மாலையில் திருப்பித் தரப்பட்ட நூல்களைப் பதிவு செய்து என் மேசையோரம் அடுக்கி வைப்பேன். அவை அலமாரிக்குப் போகவே போகாது. அந்த அடுக்கைச் சுற்றியே கூட்டம் நிற்கும். யாரோ ஒருவர் வீடுவரை கொண்டுபோய்ப் படித்திருக்கிறார் என்ற செய்தியே அவர்களுக்குப் போதுமான பரிந்துரை. சிலர் பின்னட்டையை ஒட்டியுள்ள தவணைத் தாளைத் திருப்பிப் பார்ப்பார்கள். தேதி முத்திரைகள் நெருக்கமாக விழுந்திருந்தால் எடுத்துக்கொள்வார்கள், நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முத்திரை என்றால் வைத்துவிடுவார்கள். பேச்சே இல்லாமல் ஊர் முழுவதும் ஒருவருக்கொருவர் புத்தகம் சொல்லிக்கொண்டிருந்தது. பென்சிலால் சொன்னவர்களும் உண்டு. துப்பறியும் நாவலின் முதல் பக்கத்திலேயே கொலைகாரன் பெயரை எழுதிவைத்த புண்ணியவான் ஒருவரை நான் பதவியில் இருந்த காலம் முழுவதும் தேடினேன், அகப்படவில்லை.

அந்த மேசையில் கேட்ட ஒரு வாக்கியம் இன்றும் நினைவிருக்கிறது. பால் ஊற்றிவிட்டு அப்படியே நூலகத்துக்கு வரும் ஒருவர், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'கரிப்பு மணிகள்' நாவலை வாங்கிப்போயிருந்தார். தவணையை நீட்டித்துக்கொள்ள வந்தவர் புத்தகத்தை மேசையில் வைத்து, "பாதிதான் சார் ஆகியிருக்கு. உப்புத் தண்ணியில நின்னு நின்னு அவங்களுக்குக் காலெல்லாம் வெடிச்சுப் போயிருமாம் சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கதை சொல்லவில்லை, ஆசிரியர் யாரென்றும் சொல்லவில்லை, நல்ல நாவல் என்றுகூடச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் நாளிதழ் புரட்டிக்கொண்டிருந்த இருவர், அவர் முடித்ததும் தங்களுக்கு எடுத்து வைக்கச் சொன்னார்கள். அதற்கு முந்தைய மாதம் அதே நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஒருவர் வேறொரு நாவலின் கதையை முதலிலிருந்து முடிவுவரை மிக அழகாக விவரித்திருந்தார். கைதட்டல் நன்றாகவே விழுந்தது. அந்த நாவலை மட்டும் அதன்பின் யாரும் கேட்கவில்லை. அவர்களைப் பொறுத்தவரை அதைப் படித்தாயிற்று.

பால்காரர் செய்ததைக் கவனித்தீர்களா? அவர் புத்தகத்தின் நடுவில் நின்றுகொண்டு பேசினார். முடித்தவர் புத்தகத்துக்கு வெளியே வந்து தீர்ப்புச் சொல்கிறார். நடுவில் இருப்பவருக்குத் தீர்ப்புச் சொல்ல வழியே இல்லை, தாம் இருக்கும் இடத்தைத்தான் சொல்ல முடியும். ஆகவே உங்கள் கூட்டத்துக்கு நான் சொல்லும் மருந்து ஒன்றே ஒன்று: கேள்வியை மாற்றுங்கள். "என்ன படித்தீர்கள்?" என்று கேட்பதை விட்டு, "எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள், அங்கே என்ன நடந்துகொண்டிருக்கிறது?" என்று கேளுங்கள். வருபவர்கள் புத்தகத்தை முடித்துவிட்டு வரக் கூடாது என்றே ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். முடித்திருந்தால் அடுத்ததைத் தொடங்கி, பத்துப் பக்கமாவது படித்துவிட்டு வரட்டும்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த வழியன்று. வாரப் பத்திரிகைகளில் தொடர்கதை படித்த தலைமுறை முழுவதும் இப்படித்தான் பேசிக்கொண்டது. 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' கல்கியில் வந்துகொண்டிருந்த நாட்களைப் பற்றி என் தாயார் சொல்லியிருக்கிறார். வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சூழ்ந்திருந்து கேட்பார்கள். மறுநாள் கிணற்றடியில் அடுத்த வாரம் என்ன ஆகும் என்பதே பேச்சாக இருக்கும். முடிவு ஒருவருக்கும் தெரியாது, ஆகவே ஒருவரும் மற்றவரைவிட மேலானவராகிவிட முடியாது; எல்லோரும் ஒரே பக்கத்தில் நின்றார்கள். பிறகு அந்த இதழ்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து, உறவினர் வீடுகளுக்கு இரவல் கொடுத்து, திரும்பி வராமல் வருந்தியதெல்லாம் தனிக் கதை. முழுப் புத்தகமாக வாங்கிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான், முடித்துவிட்டுப் பேசுவதே முறை என்ற எண்ணம் நமக்கு வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைச் சொன்னால் தெளிவாகும். அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலை உங்களில் யாராவது படித்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1970களில் வெளிவந்த சிறிய நாவல், இரண்டு மூன்று மாலைகளில் முடித்துவிடலாம். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம், அக்காள் தங்கை இருவர், அவர்களில் ஒருத்தியைச் சினிமா ஆசை காட்டி ஏமாற்றும் ஒருவன், பக்கத்து வீட்டு டீச்சரம்மா என்று கதையைச் சொல்லிக்கொண்டு போனால், கேட்பவர்களுக்கு ஏதோ சோகக் கதை என்ற அளவில்தான் மனத்தில் நிற்கும். நகர வாழ்வின் வெறுமையைச் சித்திரிக்கும் மகத்தான படைப்பு என்று சொன்னால் அதுவும் நிற்காது. அதற்குப் பதிலாக, "டீச்சரம்மா தன் கல்யாண வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதை ஜமுனாவிடம் சொல்லும் இடத்தில் இருக்கிறேன். ஆறுதல் சொல்லத்தான் தொடங்குகிறாள், ஆனால் அவள் பேசப் பேச எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. ஜமுனா அதை எப்படி எடுத்துக்கொள்ளப் போகிறாள் என்று தெரியவில்லை, மூடி வைத்துவிட்டு வந்திருக்கிறேன்" என்று ஒருவர் சொல்லட்டும், வேண்டுமானால் அந்தப் பத்தியை மட்டும் உரக்கப் படித்துக் காட்டட்டும். இதற்கு ஐந்து நிமிடங்கூட ஆகாது. அவர் வீட்டுக்குப் போனதும் விட்ட இடத்திலிருந்து படிக்க விரும்புவார், கேட்டவர்களில் இரண்டு பேராவது முதலிலிருந்து படிக்க விரும்புவார்கள்.

இந்த முறையில் ஆசிரியரின் முக்கால் மணி நேரமும் தானாகவே குறைந்துவிடும், ஏனென்றால் முடிவு அவருக்கே தெரியாது. அவரை நேரம் பார்த்து நிறுத்த முயலாதீர்கள். வாழ்நாள் முழுவதும் மணி அடித்தால்தான் பேச்சை நிறுத்துவது என்று இருந்தவருக்கு அது வருத்தமாக இருக்கும். அவருக்குக் குரல் நன்றாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். மற்றவர்கள் தேர்ந்தெடுத்த பத்திகளை உரக்கப் படிக்கும் பொறுப்பை அவரிடமே கொடுத்துப் பாருங்கள். பெயர்களை அடுக்குபவரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எந்தப் பக்கம் என்று கேட்டால் பட்டியல் நின்றுவிடும். அவர் உண்மையாகவே அந்த நூல்களைப் படித்தவராகவும் இருக்கலாம். அப்படியானால் அவர் வீட்டு அலமாரி உங்கள் ஏழு பேருக்கும் பெரிய சொத்து.

கல்லூரிப் பெண்ணின் தயக்கத்துக்கு நம் மொழியிலேயே விடை இருக்கிறது. பழைய கல்விமுறையில் ஒருவர் நூலைப் 'பாடம் கேட்டார்' என்றுதான் சொல்வார்கள். உ.வே.சா. தம் வரலாற்றில் அந்தச் சொல்லைத்தான் பக்கத்துக்குப் பக்கம் எழுதுகிறார். திருவாவடுதுறை மடத்தில் மாணவர்கள் ஆசிரியர் சொல்லக் கேட்டுக் கற்றார்கள். புதிய நூல்கள் அவையில் வாசிக்கப்பட்டு அரங்கேறின. கம்பராமாயணத்தையும் பாரதத்தையும் நம் ஊர்களில் பெரும்பாலோர் காதால்தான் படித்தார்கள். கைப்பேசியில் ஒருவர் வாசிக்கக் கேட்கும் பெண், நம்மைவிடப் பழைய வழக்கத்தைப் பின்பற்றுகிறாள். அவளிடம் பக்க எண்ணுக்குப் பதிலாக, எந்த இடத்தில் நிறுத்திவிட்டு வந்தாய் என்று கேளுங்கள். அந்த ஒலிப்பதிவில் இரண்டு நிமிடங்களைத் திண்ணையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கண்பார்வை குறைந்துகொண்டிருக்கும் வயதினர் நால்வராவது அங்கே இருப்பார்கள். அதைக் கேட்கும் வழியைக் கற்றுக்கொடு என்று அவளிடம் அவர்களே வந்து நிற்பார்கள். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் முதலாக, தமிழ் நூல்களைக் கட்டணமின்றித் திரையில் படிக்கத் தரும் முயற்சிகளையும் அவள் உங்களுக்குக் காட்டலாம். உ.வே.சா. தம் வரலாற்றை எழுதிய 'என் சரித்திரம்' அங்கே முழுமையாகக் கிடைக்கிறது. நான் மேலே சொன்ன ராஜம் கிருஷ்ணனின் நூல்களும் அரசுடைமை ஆக்கப்பட்டவை. எழுத்தாளர் வாழ்ந்த காலத்திலேயே அந்தச் சிறப்பைப் பெற்றவர் அவர்.

பக்கத்து வீட்டு அம்மாவின் விஷயம் இவற்றைவிட முக்கியமானது. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர்.அரங்கநாதன், நூலகத் துறைக்கு வகுத்த ஐந்து விதிகளை 1931இல் நூலாக வெளியிட்டார். நூலகப் படிப்பில் சேரும் எவரும் முதலில் மனப்பாடம் செய்வது அவற்றைத்தான். 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்' என்பது இரண்டாவது, 'ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர்' என்பது மூன்றாவது. நல்ல நூல், மட்டமான நூல் என்ற சொற்களுக்கு அந்த ஐந்தில் எங்கும் இடமில்லை. எனக்கும் விருப்பு வெறுப்பு உண்டு; குடும்ப நாவல்களில் பெரும்பாலானவற்றை என்னால் முப்பது பக்கம் தாண்ட முடிந்ததில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் மதியச் சமையலை முடித்துவிட்டு, வெயிலில் குடை பிடித்துக்கொண்டு வந்து வாரத்துக்கு இரண்டு நாவல்கள் எடுத்துப்போன பெண்களால்தான் பல கிளை நூலகங்களின் பதிவேடுகள் நிறைந்தன. ஏற்கெனவே படித்த நாவலை மறந்துபோய் மறுபடியும் எடுத்துவிடாமல் இருக்க, குறிப்பிட்ட ஒரு பக்கத்தில் ஒரு சிறு புள்ளி வைத்துக்கொள்ளும் வழக்கம் அவர்களில் சிலருக்கு உண்டு. ஒருவர் புள்ளியை மற்றவர் அறிவார். அந்தப் புள்ளிகளைப் பார்த்து, இன்னார் படித்திருக்கிறார் என்றால் நமக்கும் பிடிக்கும் என்று எடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். விதிப்படி நான் அவர்களைக் கண்டித்திருக்க வேண்டும். கண்டிக்கவில்லை.

அந்த அம்மாவைக் கூட்டத்துக்கு வாருங்கள் என்று அழைக்காதீர்கள். அழைத்தால், சிரிப்பை மறந்துவிட்டது போலக் காட்டிக்கொள்ள வேண்டிய கட்டாயம் அவருக்கு வந்துவிடும். அவர் வீட்டுக்குப் போய், இப்போது படித்துக்கொண்டிருக்கும் நாவலை அவர் முடித்ததும் உங்களுக்குத் தரும்படி கேளுங்கள். வாங்கினால் படியுங்கள், படிக்காமல் திருப்பிக் கொடுக்காதீர்கள். இந்த ஒரு செயலில் அவருக்குக் கிடைக்கும் மரியாதை, நாம் சொல்லும் எந்தச் சமாதானத்திலும் கிடைக்காது. திரும்பக் கொடுக்கும்போது நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் ஒன்றை அவரிடம் விட்டுவிட்டு வரலாம்.

அது சமையல் புத்தகமாகவே இருக்கலாம் என்பேன். சமையல் புத்தகத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆழாக்கு, பலம் என்று அளவு சொல்லும் ஒரு புத்தகத்தின் எண்ணெய்க் கறை படிந்த பக்கத்தைத் திருப்பி, உங்கள் அம்மா அதில் எதைக் கூட்டினார், எதைக் குறைத்தார், எந்தப் பண்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் குறி போட்டிருக்கிறார் என்று நீங்கள் சொன்னால், அந்தத் திண்ணையில் கதை ஒப்பிக்க ஒருவருக்கும் மனம் வராது. கறை அதிகமாக உள்ள பக்கம் எது என்று பாருங்கள், நூலகத்துத் தவணைத் தாளில் முத்திரை நெருக்கமாக விழுந்தது போலத்தான் அதுவும். அடுத்த கூட்டத்தில் முதலில் பேச வேண்டியவர் நீங்கள், பேச வேண்டிய புத்தகம் இதுதான். சென்ற மாதம் வேறு பெயர் சொன்னதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. இதே காரியத்தைச் செய்த இன்னும் இரண்டு பேர் அங்கே இருப்பார்கள் என்று என் அனுபவம் சொல்கிறது.

ஒருவர் தமக்குப் பிடித்ததை இன்னொருவரிடம் சொல்வதால் புத்தகத்துக்கு என்ன ஆகும் என்பதற்கு, ப.சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நல்ல சான்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்து மெடானையும் பினாங்கையும் களமாகக் கொண்ட அந்த நாவல், எழுதப்பட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்து 1972இல் வெளிவந்தது. வந்தபோது பெரிதாக எவரும் பொருட்படுத்தவில்லை. அதற்கு முன் 'கடலுக்கு அப்பால்' என்ற ஒரு நாவலை எழுதியிருந்த சிங்காரம், அதற்குப் பின் நாவல் எதையும் வெளியிடவில்லை. மதுரையில் தனியாக வாழ்ந்து 1997இல் மறைந்தார். இன்று தமிழின் முதன்மையான நாவல்களைப் பட்டியலிடுபவர்கள் அதைத் தவிர்ப்பதில்லை. பாடத்திட்டமோ விளம்பரமோ அதை அந்த இடத்துக்குக் கொண்டுவரவில்லை. படித்த ஒருவர் இன்னொருவரிடம் கொடுத்து, அவர் எழுதி, அதைப் பார்த்து வேறொருவர் தேடி, இப்படியே கைமாறி வந்த நூல் அது. எங்கள் நூலகத்திலிருந்த பிரதியைப் பல ஆண்டுகள் நானே தூசி தட்டி வைத்திருக்கிறேன், திறந்து பார்த்ததில்லை. ஒரு மாலையில் மாணவர் ஒருவர் வந்து, கதாநாயகன் பாண்டியன் மெடான் நகரத் தெருவில் நடந்து போகும் பக்கங்களைச் சொல்லிவிட்டு அதைக் கேட்டபோதுதான் நான் முதல் பக்கத்தைத் திருப்பினேன். நூலகனாக எனக்கு அது தலைகுனிவுதான்.

நடைமுறையில் இரண்டொரு விஷயங்கள். கூட்டம் முடிந்து போகும்போது குறைந்தது ஒரு புத்தகமாவது கை மாற வேண்டும். யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதியுடன் எழுதி வையுங்கள். இரவல் கொடுத்த புத்தகத்தால் உடைந்த நட்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், கருவூலத்தில் கணக்குப் பார்த்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. படிக்க முடியாமல் மூடிவிட்டேன் என்று சொல்வதற்கும் இடம் கொடுங்கள். ஏன் மூடினேன் என்று ஒருவர் சொல்வது சில வேளைகளில் இன்னொருவருக்கு அதை எடுத்துப் படிக்கக் காரணமாகிவிடும். உங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் எல்லோரும் உறுப்பினராகிவிடுங்கள். அங்கே வாசகர் வட்டம் செயல்பட்டால் சேர்ந்துகொள்ளலாம், ஆனால் திண்ணைக் கூட்டத்தை அதற்காக நிறுத்த வேண்டாம். நாற்காலி வரிசையும் ஒலிபெருக்கியும் வந்துவிட்டால், பக்க எண் கேட்பது கொஞ்சம் கடினமாகிவிடும்.

கடைசியாக, நான் என்ன படிக்கிறேன் என்று கேட்டிருந்தீர்கள். விதியை வகுத்தவன் அதன்படி பதில் சொல்ல வேண்டும் அல்லவா? படுக்கைக்குப் பக்கத்தில் கி.ராஜநாராயணன் தொகுத்த 'கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி' இருக்கிறது. 1982இல் வந்த நூல். அகராதியைப் படிப்பதா என்று என் மனைவி கேட்கிறார். இரவில் ஒரு பக்கத்துக்கு மேல் ஓடாத வயதில் அதைவிடப் பொருத்தமான புத்தகம் கிடையாது என்று சொல்லியிருக்கிறேன். காவிரிக் கரையில் பிறந்த எனக்குச் 'சம்சாரி' என்றால் பெண்டாட்டி பிள்ளை உள்ளவன். கரிசல் காட்டில் அந்தச் சொல்லுக்கு உழவன் என்று பொருள். இதைத் தெரிந்துகொள்ள அறுபது வயதுக்கு மேல் ஆகியிருக்கிறது.

அந்த அகராதியைக் கையில் எடுத்ததற்குக் காரணமே இன்னொரு புத்தகம். பூமணியின் 'அஞ்ஞாடி', 2012இல் வெளிவந்து 2014இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். ஆயிரம் பக்கங்களுக்கு மேல். கழுகுமலைக் கலவரமும் சிவகாசிக் கலவரமும் அதில் வருகின்றன என்பதைத் தெரிந்துகொண்டுதான் தொடங்கினேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை தொடங்கி, வட்டார வழக்கில் தடுக்கி விழுந்து, மூடியும் வைத்தேன். இது இரண்டாம் முயற்சி. கலவரங்கள் இன்னும் வெகு தொலைவில் இருக்கின்றன. ஆண்டியும் மாரியும் இப்போதுதான் சிறு பையன்களாக ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் உழவர் வீட்டுப் பிள்ளை, மற்றவன் சலவைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. இந்த நட்பை ஊர் எதுவரை விட்டுவைக்கும் என்ற பயத்தோடுதான் ஒவ்வொரு நாளும் திறக்கிறேன். நேற்றிரவு 64ஆம் பக்கத்தில் மின்சாரக் கட்டண ரசீதைச் செருகி வைத்திருக்கிறேன்.